வளைகாப்புக்கு ஒரு ஜோடி உல்லன் சாக்ஸ்

என் பெரியம்மாவின் மகளுக்கு என்னைவிட மூன்று வயது கூட. அந்த மூன்று வருஷத்தை வைத்துக்கொண்டு அவள் செய்த அட்டகாசம் கொஞ்சநஞ்சமல்ல. யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் அவள் கையால் செய்த வாழ்த்து அட்டை ஒன்று முன்னால் வந்து நிற்கும். கலர் காகிதத்தை மெல்லிசாக வெட்டிச் சுருட்டி ரோஜாப்பூ செய்வாள், ஜிகினா தூவுவாள், திறந்தால் உள்ளிருந்து மயில் எழுந்து நிற்கும். வந்தவர்கள் எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்து, இது கடையில் வாங்கியதா என்று கேட்பார்கள். அதைக் கேட்பதற்கென்றே அவள் பக்கத்தில் நிற்பாள். நான் வரைந்த அட்டைகளையும் வாங்கிக்கொள்வார்கள். வாங்கி ஃபிரிட்ஜின் மேல் வைப்பார்கள், அதோடு சரி. எனக்கு வயிறெரியும்.

எனக்குப் பத்து வயதானபோது சித்திக்கு வளைகாப்பு வந்தது. சித்தி என் அம்மாவின் தங்கை, எங்களைப் போலவே பெங்களூரில், அடுகோடியில் வாழ்க்கைப்பட்டவள். அதற்கு முன் இரண்டு முறை அவளுக்கு நாலாம் மாதத்திலும் ஐந்தாம் மாதத்திலும் கலைந்துபோயிருந்தது. இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சித்தி வீட்டுக்குப் போனால் ஓடக்கூடாது, கத்தக்கூடாது, குறிப்பாக எதையும் கேட்கக்கூடாது. இந்த முறை ஏழாம் மாதம் வரை வந்துவிட்டது. ஆனாலும் ஒருவரும் வாய்விட்டுச் சந்தோஷப்படவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று அம்மா போனில் கேட்டால், சித்தி இட்லிக்கு ஊறப்போட்டதைப் பற்றிப் பேசுவாள். ஏதோ கண்ணாடிப் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பவளைப் போலத்தான் அந்த ஏழு மாதமும் இருந்தாள்.

அம்மாவைப் பெற்றவர்கள் இல்லை என்பதால் அம்மாவும் பெரியம்மாவும்தான் வளைகாப்பை நடத்தினார்கள், நீலசந்திராவில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில். அக்கா வழக்கம்போல அட்டை செய்யப்போவதாக ஒரு மாதம் முன்பே அறிவித்தாள். இந்தத் தடவை திறந்தால் வளையல் கையோடு ஒரு பொம்மை எழுந்து நிற்குமாம். சரி, நீ காகிதத்தில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள், நான் பின்னப்போகிறேன் என்று மனதுக்குள் சபதம் போட்டுக்கொண்டேன். ஃபேன்சி ஸ்டோரில் ஒரு ஜோடி பின்னல் ஊசியும் ஓர் உருண்டை மஞ்சள் உல்லன் நூலும் வாங்கினேன். அம்மாவின் போனில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் குழந்தைச் சாக்ஸ் பின்னக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளை வருவதற்கு மூன்று மாதம் முன்பே எல்லாவற்றையும் பின்னி அடுக்கிவிட வேண்டும் என்று அவர் ஒவ்வொரு வீடியோவிலும் சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் சொன்னது எனக்கு வேதவாக்கு.

எங்கள் ஆட்களிடம் வழக்கம் நேர் எதிர். பிறக்காத பிள்ளைக்கு ஒரு துண்டுத் துணிகூட எடுக்க மாட்டார்கள். தொட்டில் வாங்க மாட்டார்கள், பெயர் யோசித்து வைத்திருந்தாலும் வெளியே சொல்ல மாட்டார்கள். பிள்ளை பிறந்ததும் யாருடைய பழைய புடவையையாவது கிழித்துச் சுற்றுவார்கள், புதுசெல்லாம் அதற்குப் பிறகுதான். முன்னாலேயே செய்துவைத்தால் ஆகாது. சித்திக்கு நடந்ததற்குப் பிறகு இந்தப் பயம் எங்கள் வீட்டில் இரண்டு மடங்காகியிருந்தது. ஆனால் இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் அக்கா காதுக்குப் போய்விடும்.

ஒரு மாதம் உயிரை விட்டுப் பின்னினேன். ஸ்கூல் வேனில் பையை மடியில் வைத்து அதற்கடியில் பின்னினேன். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பின்னினேன். ஊசியில் இருபத்துநாலு கண்ணி ஏற்றியிருப்பேன், எண்ணிப் பார்த்தால் இருபத்துமூன்று இருக்கும். எங்கோ நாலு வரிசைக்குக் கீழே ஒன்று நழுவிப்போய் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிரி, மறுபடி ஏற்று. குதிகால் திரும்பும் இடத்தில் ஐந்து தடவை பிரித்தேன். அழுதிருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். கடைசியில் ஒரு ஜோடி தேறியது. ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது. பிள்ளைகளின் கால் வளரும், அப்போது சரியாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நவம்பரில் வளைகாப்பு. ஷாமியானா, வாடகை நாற்காலி, ஏழு வகைக் கலந்த சாதம். சித்தி பச்சைப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம், முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். எல்லோரும் நலங்கு வைத்து முடித்ததும் அக்கா அட்டையை நீட்டினாள். பொம்மை எழுந்து நின்றது. ஆஹா ஓஹோ என்றார்கள், இரண்டு பேர் போட்டோ எடுத்தார்கள், வழக்கமான கேள்வியையும் ஒருத்தி கேட்டாள். அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தேன். பிறகு போய் பாவாடைக்குள் ஒளித்துவைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்து, மஞ்சள் சாக்ஸ் இரண்டையும் சித்தியின் மடியில் வைத்தேன்.

மாடி முழுக்க மௌனம். கரண்டி சத்தம்கூட நின்றுவிட்டது. என் வாழ்நாளில் அப்படி ஒரு வெற்றியை நான் கண்டதில்லை. அக்காவுக்கு ஆஹா ஓஹோ என்றார்கள், என் சாக்ஸைப் பார்த்தோ யாருக்கும் பேச்சே எழவில்லை! பெரியம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். அம்மா முகம் சிவந்துவிட்டது, பெருமையில்தான் என்று நினைத்தேன். அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஒன்றும் புரியாமல் நின்றாள், அது போதும் எனக்கு.

சித்தியின் மாமியார்தான் முதலில் அசைந்தார். நல்ல மனுஷி, அன்று அவசரம் அவசரமாக முன்னால் வந்தார். சாக்ஸை எடுக்கக் கை நீட்டி, "குடும்மா, சாமிகிட்ட வெச்சிட்டு வரேன்" என்றார். சாமியிடமே வைக்கப்போகிறார்கள்! நான் இன்னும் ஓர் அங்குலம் உயர்ந்தேன்.

சித்தி கொடுக்கவில்லை. சாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒவ்வொன்றிலும் இரண்டு விரலை நுழைத்து, தன் வயிற்றின் மேல் மெல்ல நடத்திப் பார்த்தாள். வளையல் எல்லாம் குலுங்கின. நாலைந்து அடி நடந்ததும் சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு.

"வேணாம் அத்தே, எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "இதுக்கு மேட்சா ஒரு குல்லா பின்னித் தரியா? பொறக்கறது ஜனவரில. பெங்களூர் குளுரு தாங்காது பாப்பா" என்றாள்.

ஆர்டர்! எத்தனை அட்டை செய்திருக்கிறாள் அக்கா, ஒருத்தராவது இன்னொன்று செய்துகொடு என்று கேட்டதுண்டா? பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமியார் சித்தியின் தலையில் கையை வைத்து முணுமுணுவென்று என்னவோ வேண்டிக்கொண்டார். என் வேலைப்பாட்டில் எல்லோரும் நெகிழ்ந்துபோய்விட்டார்கள் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

கீழே வீட்டுக்குள் இழுத்துப்போய், எவ உனக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். யாருமில்லை, நானே கற்றுக்கொண்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அம்மா கையை ஓங்கினாள், ஓங்கிய கையாலேயே என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். பெரியவர்கள் பாராட்டுவதில் இப்படியும் ஒரு வகை இருக்கிறது போல என்று விட்டுவிட்டேன்.

குல்லா பின்னி முடித்தேன். ஜனவரியில் தம்பி பிறந்தான், மூன்று கிலோ, ஆஸ்பத்திரியே அதிரும் குரல். மாமியார் முதலில் பழைய புடவையைத்தான் சுற்றினார். பதினோராம் நாள் தலையில் மஞ்சள் குல்லா, காலில் மஞ்சள் சாக்ஸ், ஒன்று மட்டும் கழன்று கழன்று விழுந்தது. இப்போது அவன் ஏழாம் வகுப்பு. அந்தப் போட்டோவை யாரிடமாவது காட்டினால் என்னை அடிக்க வருகிறான்.

ஆனால் எனக்கு மறக்காதது அந்தப் போட்டோ அல்ல, வளைகாப்பன்று சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு நடந்தது. மீதி நூலை எடுத்துக்கொண்டு அளவெடுக்க மாடிக்கு ஓடினேன். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சித்தி தனியாக உட்கார்ந்திருந்தாள். தலை எவ்வளவு பெரிசு இருக்கும் சித்தி என்று கேட்டேன். எங்கள் குடும்பத்தில் ஏழு மாதமாக ஒருத்தரும் அவளிடம் அப்படி ஒன்றைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

சித்தி கொஞ்சம் யோசித்தாள். பிறகு இரண்டு கையையும் குவித்து, இவ்வளவு இருக்கும் என்று காட்டினாள். நான் அவள் கைகளுக்குள் நூலை வளைத்துப் பிடித்து, அளவு பார்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டேன். சித்தி கையைக் கீழே இறக்கவில்லை. குவித்தது குவித்தபடி, அந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அளவுதான் எடுத்தாகிவிட்டதே, இன்னும் எதற்கு இப்படி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. போதும் சித்தி, கை வலிக்கும் என்று சொல்லிவிட்டு, தலைக்கு மேல் வேலை கிடக்கிறதே என்று கீழே ஓடினேன்.