நாகலட்சுமி அக்கா போடச் சொன்ன ஓட்டை

வங்காளத்தில் பெஹாலா பக்கம் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்துக் குடிவந்த மூன்றாவது மாதம், எனக்குத் தைராய்டு சோதனை செய்ய வேண்டியிருந்தது. லேபுக்குப் போன் செய்தேன். மறுநாள் காலை ஆறரைக்குக் கதவைத் தட்டியவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. பருத்திப் புடவையை இடுப்பில் தூக்கிச் செருகியிருந்தார். தோளில் குறுக்காக ஒரு நீலப் பெட்டி. நான் அரைகுறை இந்தியில் தடுமாறியதும், சுவரில் தொங்கிய தமிழ்க் காலண்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தமிழ்லயே பேசும்மா. கையை நீட்டு" என்றார்.

அவர்தான் நாகலட்சுமி அக்கா. அவருடைய அப்பா தூத்துக்குடியிலிருந்து கிதிர்பூர் துறைமுகத்துக்கு கிரேன் ஓட்ட வந்தவர். அக்கா பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் இங்கேதான். இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறார். பயப்படுகிறவர்களிடம், நேற்று என்ன மீன் சமைத்தீர்கள் என்று வங்க மொழியில் கேட்பார். அவர்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஊசியை வெளியே எடுத்து, பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டிருப்பார்.

போக வர எல்லாம் சைக்கிள்தான். பெஹாலாவின் சந்துகளில் ஆட்டோ திரும்புவதற்குள் அக்கா மூன்று வீடு முடித்துவிடுவார்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம், ஆடி மாதத்தில், எங்கள் வீட்டில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன்.

"ஒரு வாரமா களக் களக்னு சத்தம் வருதும்மா. பிரேக் போட்டா வருது. ஐஸ் பாக்கெட்தான் உருகி ஓடுதுன்னு நினைச்சேன். பார்த்தா அது கல்லு மாதிரி இருக்கு."

நான் பெட்டியை வாங்கி ஆட்டிப் பார்த்தேன். சத்தம் இல்லை. இருவரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம்.

அந்த மாதக் கடைசியில் இரவெல்லாம் மழை. காலையில் பர்ணஸ்ரீ பக்கம் முழங்கால் அளவு தண்ணீர். அங்கே மேக்னா என்ற ஏழு மாதக் கர்ப்பிணிக்குச் சர்க்கரைச் சோதனை. வெறும் வயிற்றில் ஒரு முறை, குளுக்கோஸ் குடித்து ஒரு மணி நேரத்தில் ஒரு முறை, இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை என்று மூன்று தடவை ரத்தம் எடுக்க வேண்டும். அந்தப் பெண் ஏற்கெனவே ஒரு தடவை பாதியில் வாந்தி எடுத்து, சோதனை வீணாகியிருந்தது. அதனால் அக்கா இரண்டு மணி நேரமும் அவள் கட்டிலருகிலேயே உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்துக் கொடுத்தே குளுக்கோஸை உள்ளே நிற்கவைத்தார். மூன்று குழாய்களும் நிறைந்தன.

திரும்பும் வழியில், தண்ணீருக்கு நடுவே, பெடல் 'கடக்' என்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அடுத்த மிதியில் பெடலைத் தாங்கும் கிராங்க் அச்சோடு பிய்ந்து தொங்கியது. அக்கா சைக்கிளோடு தண்ணீரில் விழுந்தார்.

"நான்தான் விழுந்தேன். பெட்டி விழல" என்று பின்னால் என்னிடம் சொன்னார். ஒரு கையால் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடியே எழுந்திருக்கிறார். சைக்கிளை ஒரு மின்கம்பத்தோடு பூட்டிவிட்டு, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, லேப் வரை நனைந்த புடவையோடு நடந்தார். மேக்னாவின் ரத்தம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அக்காவின் முழங்கை ஒரு வாரம் வீங்கியிருந்தது.

அன்று மாலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முகமது இஸ்மாயிலிடம் போனார். மார்க்கெட் பின்புறம் கடை வைத்திருக்கும் மெக்கானிக். இருவருக்கும் பல வருடப் பழக்கம், பல வருடச் சண்டை. இஸ்மாயில் சைக்கிளைக் கவிழ்த்து, பெடல் அச்சு ஓடும் உருளையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு டீ டம்ளர் அளவுக்குச் செம்பழுப்புத் தண்ணீர் கொட்டியது. அதோடு துருப்பிடித்த பால்ரஸ் குண்டுகள். அடிப்பாகத்து இரும்பு அப்பளம் போல நொறுங்கியது.

அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. "இதுதானா களக் களக்!"

"ஃபிரேம் போச்சு, தீதி" என்றார் இஸ்மாயில். அக்காவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "வேற ஃபிரேம்தான் போடணும்."

"போடு. ஆனா உள்ளே எப்படிப் போச்சு தண்ணி? மூடின குழாய்தானே?"

"மழைக்காலம். போகும்."

இந்த பதில் அக்காவுக்குப் போதவில்லை. அத்தனை வருடம் லேப் வேலையில் சோதித்துப் பார்த்தே பழகியவர். இஸ்மாயிலுக்குப் பழைய ஃபிரேம் ஒன்று கிடைத்ததும், அச்சு மாட்டாமல் ஒரு நாள் தன்னிடம் கொடுக்கச் சொல்லி வீட்டுக்குத் தூக்கிவந்தார். கீழே உருளைக்குள் வெள்ளைத் துணிச்சுருளைத் திணித்தார். சீட்டை மாட்டி இறுக்கினார். ஒரு மக்கில் தண்ணீர் எடுத்து, நீல மையைக் கலந்து, சீட் குழாய்க்குள் இறங்குகிற இடத்தில் மழை போல ஊற்றினார். அவருடைய கணவர் வெங்கடநாராயணன் பேப்பரை மடித்துவிட்டு வந்து நின்றார்.

"சைக்கிளுக்கு என்ன டெஸ்ட் எடுக்கிற? சுகரா?"

"சும்மா இருங்க."

பத்து நிமிடம் கழித்துத் துணியை உருவினார். முழுக்க நீலம்.

மேலே சீட் இடுக்கு வழியாகத்தான் மழை இறங்குகிறது. வழிந்து கீழே அச்சில் தேங்குகிறது. வெளியேற வழி இல்லை. மறுநாள் இஸ்மாயிலிடம் போய் மூன்று காரியம் சொன்னார். சீட் குழாயில் கிரீஸ் தடவு. அந்த இடுக்கின் மேல் பழைய டியூபை வளையமாக வெட்டி இறுக்கமாக மாட்டு. உருளைக்கு அடியில், அச்சைத் தொடாமல், சின்னதாக ஒரு ஓட்டை போடு.

முதல் இரண்டுக்கும் இஸ்மாயில் தலையாட்டினார். மூன்றாவதுக்கு டிரில்லைக் கீழே வைத்துவிட்டார்.

"நல்ல ஃபிரேமில் ஓட்டையா? நீங்க முழங்கால் தண்ணியில போறவங்க. அந்த ஓட்டை வழியாவே உள்ள ஏறும்."

"ஏறட்டும். அச்சோட ஓரத்துல இப்பவும் ஏறத்தானே செய்யுது? ஏறினது இறங்கணும், பாய். அதுதான் நான் கேக்கறது."

"ஃபிரேம் உடைஞ்சா என் பேரைச் சொல்லாதீங்க."

"உன் பேரை ஏன் சொல்றேன்? நான்தான் போடச் சொன்னேன்னு சொல்றேன்."

இஸ்மாயில் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டை போட்டார். வெட்டிய விளிம்பில் துரு ஏறாமல் இருக்கப் பெயின்ட் தொட்டு வைத்தது அவருடைய யோசனை. அதை அக்கா எல்லோரிடமும் சொல்வார்.

அதற்கப்புறம் தண்ணீர் தேங்கிய நாட்களில் எங்கள் கட்டிட வாசலுக்கு வந்ததும், சைக்கிளை நிறுத்தி இரண்டு முறை குலுக்குவார். அடியிலிருந்து மெல்லிய தாரையாகத் தண்ணீர் இறங்கும். அக்கா குனிந்து அதைப் பார்க்கும்போது அவர் முகத்தில் அப்படியொரு திருப்தி. ஒரு நாள் குலுக்கியும் எதுவும் வரவில்லை. சேறு அடைத்திருந்தது. என்னிடம் ஊக்கு கேட்டார். நான் கொடுத்ததும் குத்தி எடுத்தார். "நல்ல நரம்பு, கொஞ்சம் அடைச்சிருந்தது" என்றார்.

போன வருடம் லேப் முதலாளி எல்லோருக்கும் ஸ்கூட்டர் கொடுத்தார். அக்கா வேண்டாமென்றார். வயதான பிடிவாதம் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். செப்டம்பரில் ஒரு நாள் விடாமல் கொட்டியது. தண்ணீரில் நான்கு ஸ்கூட்டர்கள் நின்றுபோயின. முதலாளியே போன் செய்து, பர்ணஸ்ரீ முழுவதும் இன்று உங்களால் முடியுமா என்று கேட்டார்.

அன்று பதினேழு வீடு. கடைசியாக மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்குச் சோதனை எதுவும் இல்லை. காபி குடிக்க வந்தார். புடவை நுனியைப் பிழிந்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து, கால்களை நீட்டிக்கொண்டார்.

"சர்க்கரை கொஞ்சம் தூக்கலாப் போடும்மா" என்றார். "இன்னிக்கு ஊரோட சுகரை எல்லாம் நான்தான் பார்த்திருக்கேன்."