ஸ்வெட்டருக்குள் பேட்டரி

பிர்த்தே ஸ்வெட்டருக்குள் கையை விட்டு, வயிற்றோடு ஒட்டி வைத்திருக்கும் பேட்டரியைத் தொட்டுப் பார்க்கிறாள். "இன்னும் கொஞ்சம் சூடேறணும்" என்கிறாள். பக்கத்தில் இருப்பவர் புதியவர் என்றால் ஓரடி தள்ளி நின்றுகொள்வார். எங்களுக்கு இது பழகிவிட்டது. பேட்டரி குளிர்ந்து கிடந்தால் அதன் பலத்தில் கால் பங்கு காணாமல் போகும்; விமானம் பறக்கும் நேரமும் அதோடு சேர்ந்து போகும். அதனால் லிம் கடற்கழி ஓரத்தில் இருக்கும் எங்கள் ரிமோட் விமான மன்றம் குளிர் விடாத ஏப்ரலில் நடத்தும் போட்டியன்று, அவள் காலைக் காப்பி குடிக்கும் முன்பே பேட்டரி ஸ்வெட்டருக்குள் குடியேறிவிடும்.

வாரநாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். நிறுத்தத்தில் போட்டிருக்கும் கோடு பிசகாமல் பேருந்தை நிறுத்துபவள், விமானத்தை மட்டும் இறக்க வேண்டிய இடத்தில் இறக்கியதே இல்லை. பேட்டரி தீரப்போகிறது என்று ரிமோட் கத்தும். மற்றவர்கள் அலறியடித்துக்கொண்டு இறக்குவார்கள். இவள் மட்டும் நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, "இன்னும் ஒரே ஒரு சுத்து" என்பாள்.

போட்டி எளியது. எல்லோருக்கும் ஒரே அளவு பேட்டரி. அதிக நேரம் வானில் நின்றவருக்குக் கோப்பை. ஆனால் காகிதக் கொடிகள் நட்ட புல்வெளிக்குள் விமானம் இறங்கியாக வேண்டும். பிர்த்தே பலமுறை எல்லோரையும்விட அதிக நேரம் பறந்திருக்கிறாள். ஒரு வருடம் விமானம் கடலில் விழுந்தது. ஒரு வருடம் பன்றிப் பண்ணைக்காரர் சாணக் கரைசல் அடித்த வயலில் போய்ச் சொருகியது. அதைக் கழுவிய வாளியை அவள் கணவர் இன்றுவரை வீட்டுக்குள் விடவில்லை.

கோப்பை ஹோல்கரிடம்தான் வருடக்கணக்காக இருக்கிறது. அவனிடம் காரின் மின்சாரத்தில் ஓடும் சூடேற்றும் பெட்டி உண்டு. பேட்டரி அதில் இளவரசன் மாதிரி படுத்திருக்கும்.

"என்ன பிர்த்தே, அடைகாக்குறியா? குஞ்சு எப்போ வரும்?"

"வரும் வரும். வந்ததும் முதல்ல உன் கோப்பையத்தான் கொத்தும்."

கடந்த ஞாயிறு நேரம் பார்க்கும் கடிகாரம் என் கையில் இருந்தது. காது மடல் விறைக்கும் காற்று. கடைசிக்கு முந்தியவள் பிர்த்தே, கடைசி ஆள் ஹோல்கர். "இந்த வருஷம் அந்தக் கோப்பையில என் பேர் இல்லாம நான் வீட்டுக்குப் போறதா இல்ல" என்று சொல்லிவிட்டு, வெதுவெதுப்பான பேட்டரியை மாட்டி, விமானத்தை வீசினாள்.

மோட்டாரைக் கொஞ்சம் ஓட்டி உயர்த்துவது, அணைத்துவிட்டு மிதக்க விடுவது, மறுபடி உயர்த்துவது. அப்படியே போனது. ரிமோட் கத்த ஆரம்பித்தது.

"இறக்கு பிர்த்தே, இறக்கு!" என்று நாங்களும் கத்தினோம்.

"இன்னும் ஒரே ஒரு சுத்து!"

மோட்டார் நின்றது. விமானம் பன்றிப் பண்ணைக்கு மேல் இருந்தது. மிச்சமிருந்த மின்சாரம் திசை திருப்ப மட்டும்தான் போதும். போச்சு, மறுபடி சாணக் கரைசல்தான் என்று நினைத்தேன். அப்போது வெயில் வந்தது. பண்ணையில் கறுப்புத் தார்ப்பாய் போர்த்திய தீவனக் குவியலுக்கு மேலே இரண்டு கடற்காகங்கள் சிறகடிக்காமலே மேலேறிக்கொண்டிருந்தன. வெயிலில் சூடான காற்று அங்கே மேலே எழும்புகிறது! பிர்த்தே விமானத்தை நேராக அவற்றின் அடியில் கொண்டுபோய் நுழைத்தாள். ஏறியது. மோட்டார் இல்லாமல், சத்தமே இல்லாமல், ஏறியது! ஒரு சுற்று, இரண்டு சுற்று. பிறகு மூக்கை எங்கள் பக்கம் திருப்பி, வேலியைத் தாண்டி, ஒரு காகிதக் கொடியைச் சாய்த்துக்கொண்டு புல்வெளிக்குள் வந்து உட்கார்ந்தது.

ஹோல்கர் இதுவரை பறந்த மிகச் சிறந்த நேரத்தைவிட முழுதாக ஒரு நிமிடம் அதிகம். நான் குதித்த குதியில் யாருடைய காப்பிக் குடுவையோ நசுங்கியது. பிர்த்தே அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "உள்ளேதானே? உள்ளேதானே இறங்கிச்சு?" என்று ஒவ்வொருவரையும் பிடித்து உலுக்கினாள்.

ஹோல்கரின் முகம்தான் சரியில்லை. காரில் ஃப்யூஸ் போயிருந்தது. சூடேற்றும் பெட்டி காலையிலிருந்தே வேலை செய்யவில்லை. சில்லிட்ட பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு, "பரவாயில்ல, இப்படியே பறக்குறேன்" என்றான்.

நான் பிர்த்தேயின் காதருகே போய், "பேசாம இரு. கோப்பை உனக்குத்தான்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. நேராகப் போய் ஹோல்கரின் கையிலிருந்த பேட்டரியைப் பிடுங்கினாள். ஸ்வெட்டரைத் தூக்கி, "அய்யய்யோ, ஐஸ்!" என்று அலறிக்கொண்டே அதை வயிற்றோடு வைத்து அழுத்திக்கொண்டாள்.