கிடாவுக்கும் ஒரு ஸ்பூன்

எங்கள் வாசலில் அப்போது இரண்டு ஆடுகள் கட்டியிருந்தோம். ஒன்று கறுப்பு வெள்ளாடு, நான் ஆசைப்பட்டு வளர்த்த பெட்டை. இன்னொன்று செம்மறிக் கிடா, என் வீட்டுக்காரர் பக்ரீத்தில் அறுத்துப் பங்கிடும் குர்பானிக்காகக் குட்டியிலேயே வாங்கி வந்தது. கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டிய சந்தில் வாசல் என்பதே ஆறடிதான். பாதி பைக்குக்கு, பாதி ஆடுகளுக்கு. தெருவில் நடக்கிறவர்கள் ஒதுங்கித்தான் போக வேண்டும்.

கல்யாணமான நாளிலிருந்து ஏழு பேராகச் சேர்ந்து மாட்டில் பங்கு போட்டுத்தான் குர்பானி கொடுத்துவந்தோம். வீட்டில் வளர்த்த கிடாவை முழுசாகக் கொடுக்க வேண்டும் என்பது அவருக்கு வெகுநாள் ஆசை. துறைமுகத்தில் வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கிடாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்.

"இன்னிக்கு ஒழுங்கா துன்னுச்சா? காலு நல்லா ஊனுதா?"

குர்பானிப் பிராணிக்கு நோயோ நொண்டியோ எந்தக் குறையும் இருக்கக் கூடாது. அது தெரிந்தும், என்னை ஒரு நாளாவது இப்படி விசாரித்தது உண்டா என்று கேட்டு வம்புக்கு இழுப்பேன். சிரித்துக்கொள்வார்.

அந்த வருடம் என் ஆட்டுக்குத்தான் முதலில் ஏதோ ஆனது. கருகருவென்று இருந்த முடி செம்பட்டையாக மாறியது, வால் நுனியில் கொட்டியது. தீனியில் குறை வைக்கவில்லையே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த டாக்டரம்மா கறாரான ஆள். முடியைத் தடவிப் பார்த்துவிட்டு, தண்ணீரை எதில் வைக்கிறேன் என்று கேட்டார்.

"காயலாங்கடையில வாங்குன டிரம்மு மேடம். இரும்பு."

"துருப்பிடிச்சதா? இரும்பு அதிகமா உள்ள போனா தாமிரச் சத்தை உடம்பு ஏத்துக்காதும்மா. தாமிரம் குறைஞ்சாதான் கறுப்பு முடி இப்படி வெளுக்கும். முதல்ல டிரம்மைத் தூக்கிப் போடுங்க. தாமிரம் இருக்குற இந்தத் தாது உப்பைத் தவிட்டுல கலந்து தினம் ஒரு ஸ்பூன் குடுங்க. வெள்ளாட்டுக்கு மட்டும்தான். செம்மறி இருந்தா அதுக்குக் குடுக்கக் கூடாது."

கேட்டுக்கொண்டேன், தலையும் ஆட்டினேன். மருந்து சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்றுதான் அப்படிச் சொல்கிறார் என்று என் புத்தி கணக்குப் போட்டது.

எங்கள் சந்தில் குர்பானிக்கு வாங்கிய கிடா என்றால் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் வாழைப்பழத் தோலாவது நீட்டிவிட்டுப் போவார்கள். பேரீச்சம்பழம்கூடக் கிடைக்கும். முதல் நாள் என் ஆட்டுக்குத் தவிடு கலந்து வைத்தபோது கிடா கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து என்னையே பார்த்தது. அல்லாஹ்வுக்கென்று நினைத்த உயிரைப் பார்க்க வைத்துவிட்டு, பக்கத்து வாய்க்குச் சத்து கொடுப்பதா? எனக்கு மனசு கேட்கவில்லை. கிடாவின் தவிட்டிலும் ஒரு ஸ்பூன் போட்டேன். அன்றிலிருந்து தினமும் போட்டேன்.

இரண்டு மாதத்தில் என் ஆட்டுக்குப் புது முடி கறுப்பாகவே முளைத்தது. கிடாவும் கொழுகொழுவென்று இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா, "இன்னாமே போட்டு வளக்குறே?" என்று கேட்டார். "இன்னாத்த போடுறேன், வெறும் தவிடுதான்" என்றேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே பெருமை.

பக்ரீத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு காலையில் கிடா தீனியைத் தொடவில்லை. கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. மூத்திரம் கருஞ்சிவப்பாகப் போனது. அவர் வேலைக்குப் போயிருந்தார். தனியாகவே ஆட்டோ பிடித்து அதே டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

இமையை விலக்கிப் பார்த்ததுமே கேட்டார். "இதுக்கும் அந்த உப்பைக் குடுத்தீங்களா?"

"இல்ல மேடம்" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "தெனம் ஒரு ஸ்பூன்" என்றேன்.

வெள்ளாடு தாங்குகிற தாமிரத்தைச் செம்மறி தாங்காதாம். வெளியே தள்ளத் தெரியாமல் ஈரலிலேயே சேர்த்துக்கொண்டே போகுமாம். வெளியில் ஒன்றும் தெரியாதாம், ஒரு நாள் மொத்தமும் ரத்தத்தில் கலந்துவிடுமாம். திட்டாமல்தான் சொன்னார். ஊசி போட்டார், பெரிய நம்பிக்கை வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார். மறுநாள் மதியம் கிடா செத்துப்போனது.

மாநகராட்சி வண்டி வந்து எடுத்துப் போன பிறகு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் வேண்டாம் என்றதையும் சேர்த்தே சொன்னேன்.

காலிக் கயிற்றை எடுத்துச் சுருட்டினார். "கறுப்புக்கு வெக்கசொல்ல இது பாத்துகினு நின்னுச்சா?"

"ஆமாங்க."

"நானா இருந்தாலும் குட்த்துருப்பேன், வுடு" என்று எழுந்து முகம் கழுவப் போனார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு பேசி ஆறியிருப்பேன். கறுப்பு ஆட்டைக் குர்பானிக்குக் கொடுத்துவிடலாம் என்று நானே சொல்லிப் பார்த்தேன். "அது வயித்துல குட்டி கீது. வேணாம்" என்றார். வேறு கிடா வாங்க வசதியில்லை. மாட்டுப் பங்கிலும் ஏழு பேர் நிறைந்துவிட்டார்கள்.

பெருநாள் தொழுகை முடிந்து வந்தவர் புதுச் சட்டையை மாற்றவில்லை. அன்று அவர் கைக்கு வேலை எதுவும் இல்லை. குர்பானி கொடுக்காத வீடுகளுக்குத்தான் எங்கள் சந்தில் முதலில் கறி போகும். வருடா வருடம் அந்தப் பைகளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவர் அவர். அன்று எங்கள் கதவு தட்டப்பட்டது. அடுத்த சந்துக்காரர் சலாம் சொல்லிப் பையை நீட்டினார். கொடுத்தே பழகிய இவர் சட்டென்று இடது கையை நீட்டி வாங்கிவிட்டார். பிறகு உணர்ந்து, வலது கைக்கு மாற்றி, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தலை குனிந்தார். நான் அடுக்களைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.