கிணற்றிலிருந்து ஆமையை எடுத்த கிழமை

எங்கள் ஊர்களில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பது வழக்கம். ஆதலால் என் மூத்த சகோதரியை, ராத்தாவை, பெண் பார்க்க வருபவர்கள் கூரையையும், சமைக்கும் குசினியையும், கிணற்றையும் சேர்த்தே பார்ப்பார்கள். எழுபதுகளின் கடைசியில், கல்முனையில் இருந்த எங்கள் வீட்டுக்கு அப்படியொரு வருகை உறுதியானபோது, உம்மாவின் கண் கிணற்று ஆமையின் மீது விழுந்தது.

கரிய ஓடும், தலையில் செம்மஞ்சட் புள்ளிகளும் கொண்ட நன்னீர் ஆமை அது. பகலெல்லாம் கல்லிடுக்கில் ஒடுங்கிக் கிடக்கும். மஃரிபு தொழுகை முடிந்து இருட்டிய பின்னரே நீந்தத் தொடங்கும். புழு, பூச்சி, வாளியிலிருந்து தவறி விழுந்த சோற்றுப் பருக்கை எதையும் அது வேண்டாமென்று சொன்னதில்லை.

"மாப்பிள்ளட உம்மா எட்டிப் பாக்கக்குள்ள இது தலைய நீட்டினா என்ன நினைப்பாவு? தூக்குங்க வெளிய!" என்றார் உம்மா.

வாப்பா வாளியை இறக்கி ஆமையை அள்ளியெடுத்தார். அந்தக் கிழமை, ஏழு நாளும், அது குசினி அண்டாவில் வாழ்ந்தது. விருந்தினர் வாசலுக்கு வந்த பிறகுதான், குசினியையும் பார்ப்பார்களே என்று உம்மாவுக்கு உறைத்தது. நான் ஆமையை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு ஓடி, ராத்தாவின் கட்டிலுக்கடியில் விட்டேன்.

கையால் தூக்கினால் இந்த இனம் அஞ்சி ஒரு நாற்றத்தை வெளியிடும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிய வந்தது.

மாப்பிள்ளையின் தாயார் அறைக்குள் வந்தார். புதுச் சேலையில், தலை குனிந்து, கட்டிலில் ராத்தா. தாயார் ஒருமுறை மூச்சை இழுத்தார், ராத்தாவைப் பார்த்தார், பிறகு மிக நாகரிகமாக, "கிணத்தப் பாப்பமா?" என்றார்.

கிணற்றில் நுளம்புக் குடம்பிகள், கொசுப்புழுக்கள், நெளிந்தன; ஆமை இருந்தவரை அவற்றைத் தின்று தீர்த்திருந்தது.

"என்னகா இது, ஆம இல்லாத கிணறு? இந்தத் தண்ணிய என்ட மகன் எப்பிடிக் குடிக்கிற?"

சம்பந்தம் கிணற்றோடு போய்விடும் போலிருந்தது. அன்று வாய் திறக்கக் கூடாத ராத்தாதான் யன்னல் வழியே குரல் கொடுத்தாள்:

"ஆம இரிக்கி மாமி! என்ட கட்டிலுக்குக் கீழ. மணக்கிறதும் அதுதான், நானில்ல!"

பேச்சு முடிவாகும் முன்னரே 'மாமி' என்றதில் உம்மா கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டார். தாயாரோ சிரித்துச் சிரித்து முக்காடு நழுவ உள்ளே போய், குனிந்து, தானே ஆமையைத் தூக்கி வந்து வாளியில் வைத்துக் கிணற்றுக்குள் இறக்கினார். பிறகு உள்ளங்கைகளை முகர்ந்து முகஞ்சுளித்தார்.

"மருமகளே," என்று யன்னலைப் பார்த்துக் கத்தினார், "கை கழுவச் சவுக்காரம் எங்க வெச்சிரிக்காய்?"