கரடியை அழவைத்தவர்

"என் திரைக்கு முன்னால உக்காந்த ஒரு புள்ளை, வகுப்பு முடியறதுக்குள்ள தானா எழுந்து போயிட்டா, என் பேரையே மாத்திக்கறேன்!" என்று நம் வடிவமைப்பாளர் ஒருமுறை சபதம் செய்தார். மாற்றும் சிரமம் அவருக்கு ஏற்படவில்லை. அலுவலகத்தில் அதற்குள் எல்லோரும் அவரைக் கரடியார் என்று அழைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அவர் வேலை பார்த்த நிறுவனம், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலையில் வீடியோ வகுப்பு நடத்தியது. பிள்ளை தெருவில் இருந்தால் கெட்டுப்போகும், திரையில் இருந்தால் முன்னேறும் என்பது அதன் தத்துவம். எந்தப் பொத்தான் எங்கே, என்ன நிறம், எவ்வளவு பெரிசு என்று தீர்மானிப்பது கரடியாரின் திருப்பணி. சொந்தச் சமையலறையில் உப்பு டப்பா எங்கே என்று கேட்டால் விழிப்பார். திரையில் ஒரு பொத்தான் மயிரிழை நகர்ந்திருந்தாலும் தூக்கம் வராது.

நிறுவனத்துக்கு இருந்த ஒரே வியாதி, பிள்ளைகள் பாதியில் எழுந்து போனதுதான். முதலாளியின் அறைச் சுவரில் ஒரு பெரிய திரை இருந்தது. வகுப்பில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பச்சைப் புள்ளி. பிள்ளை போனால் புள்ளி அணையும். கூடவே முதலாளியின் முகமும் அணையும்.

பிள்ளை ஏன் எழுந்து போகிறது? இதை ஆராய வளர்ந்தவர்கள் கூடி உட்கார்ந்தார்கள். சலிப்பு என்றார் ஒருவர். பசி என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டு நாய் மீதும் பழி விழுந்தது. கூட்டம் நீண்டுகொண்டே போனதால், நடுநடுவே ஒவ்வொருவராக நெளிந்து, "இதோ வந்துடறேன்" என்று கழிப்பறைக்கு ஓடினார்கள். கைகழுவித் திரும்பி வந்து, பிள்ளை ஏன் எழுந்து போகிறது என்று மறுபடியும் தீவிரமாக யோசித்தார்கள்.

தீர்வு கரடியாரிடமிருந்து வந்தது. அதுவரை, வெளியேறும் பொத்தானை அழுத்தினால் ஒரு கரடி வந்து கையாட்டும்.

"சிரிச்சுக்கிட்டே வழியனுப்பினா யார் சார் போகமாட்டாங்க? அழட்டும் சார்."

அழுதது. முதலில் இடது கண்ணில் ஒரு துளி. ஒரு மூச்சு இடைவெளி. பிறகு வலது கண்ணில் ஒரு துளி. கீழுதடு நடுங்க, "என்னை விட்டுப் போறியா?" என்று கேட்டது. அடியில் இரண்டு பொத்தான்கள். 'இருக்கிறேன்' என்பது தட்டு மாதிரி மஞ்சளாக ஜொலித்தது. 'கரடி அழட்டும், போகிறேன்' என்பது சாம்பல் நிறத்தில் எறும்பு மாதிரி கிடந்தது. அழுகைக்குக் குரல் கொடுத்தவர் கணக்காளர். அன்று காலைதான் அவர் கேட்ட லீவு மறுக்கப்பட்டிருந்தது. முதல் தடவையிலேயே பிரமாதமாக வந்துவிட்டது.

புள்ளிகள் அணைவது நின்றது. அந்த வெற்றிக் களிப்பில் பிறந்ததுதான் மேற்படி சபதம். அதே கையோடு, இரண்டாம் வகுப்புப் படிக்கும் தன் மகளையும் ஓவிய வகுப்பில் சேர்த்துவிட்டார். அடுத்த அறையில் தையல் மெஷின் ஓட்டும் மனைவிக்கு, "வகுப்பு நடக்கும்போது உள்ள போகாதே" என்று கட்டளை. மகளுக்கு, "நடுவுல அம்மாவைக் கூப்பிடாதே." மகளோ, எறும்பு வரிசையைக் கண்டால் சுற்றிக்கொண்டு போகிற ஜாதி.

ஒரு சாயங்காலம் அவர் வீடு திரும்பியபோது மனைவி வாளியும் துணியுமாக நின்றாள்.

"வாங்க. உங்க கரடியோட சாதனையைப் பாருங்க."

நாற்காலி மெத்தை நனைந்து ஜன்னலில் சாய்ந்திருந்தது. மகள் உடை மாற்றிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னடா கண்ணு, பட்டனை அமுக்கிட்டு பாத்ரூம் போயிருக்கலாமே?"

"அமுக்கினேம்பா. கரடி அழுதுச்சு. சரி, இருக்கேன்னுட்டேன். மறுபடி அமுக்கினேன். இன்னும் பெருசா அழுதுச்சு."

இரண்டாம் முறை இன்னும் பெரிதாக அழ வேண்டும் என்பது கரடியாரின் தனி நுணுக்கம். அதற்காக அவரைக் கைதட்டிப் பாராட்டியிருந்தார்கள்.

"எல்லாரும் பாத்துட்டாங்கப்பா. சிரிச்சாங்க. நான் இனிமே கிளாஸ்ல உக்காரமாட்டேன்."

"ஊரான் புள்ளையை ஊட்டி வளர்த்தா தன் புள்ளை தானா வளரும்பாங்க," என்றாள் மனைவி, துணியைப் பிழிந்தபடி. "ஊரான் புள்ளையை மிரட்டி உக்காரவெச்சா என்ன ஆகும்னு யாரும் சொல்லல. இப்பத் தெரிஞ்சுபோச்சு."

"அது நெஜக் கரடி இல்லம்மா. அப்பா வரைஞ்சது," என்று மகளைச் சமாதானப்படுத்தினார் கரடியார்.

"ஏம்பா அழற மாதிரி வரைஞ்ச?"

எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொன்னவர், மனைவி கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முதலாளி அறைக்குள் போனார்.

"சார், அந்தக் கரடியைப் பத்தி…"

"அட, நானே கூப்பிடணும்னு இருந்தேன் கரடியாரே! கூடவே ஒரு குட்டியையும் அழவிட்டா எப்படி இருக்கும்?"

நிமிர்ந்த நெஞ்சு நின்று யோசித்தது. "நல்லா இருக்கும் சார்," என்றது வாய்.

அன்று மாலை மகளைச் சுவரோரம் கூட்டிப்போய், பச்சை விளக்கு மினுக்கும் இன்டர்நெட் பெட்டியைக் காட்டினார்.

"எழுந்து போகணும்னா கரடிகிட்ட போகாதே. இந்த சுவிட்சை அணைச்சுடு. நீ போனதே அதுக்குத் தெரியாது. அழாது."

"நெஜமாவாப்பா?" அவள் முகம் முந்தின நாள் மாலைக்குப் பிறகு முதல்முறையாக மலர்ந்தது. "அப்ப எல்லாப் புள்ளைங்களுக்கும் சொல்லிடட்டுமா?"

அடுத்த அறையில் தையல் மெஷின் நின்றது. அவர் சொல்லப்போகும் பதிலுக்காக அது காத்திருந்தது போலிருந்தது.

"வேணாம்மா," என்றார்.

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது, முன்னைவிட வேகமாக.

சில நாள் கழித்து, முதலாளி அறையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு குட்டிக் கரடியை அவர் மெருகேற்றிக்கொண்டிருந்தபோது, சுவரில் ஒரு பச்சைப் புள்ளி அணைந்தது.

"என்னய்யா இது, ஒரு புள்ளை எழுந்து போயிடுச்சே! கரடி அழலியா?"

"லைன் போயிருக்கும் சார்," என்றார் கரடியார், தலை நிமிராமல். குட்டிக் கரடியின் கண்ணீர்த் துளியை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார்.