கை சும்மா இருக்கக் கூடாது

என் மேஜிக் வகுப்பில் நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: கை சும்மா இருக்கக் கூடாது. பஸ்ஸுக்கு நிற்கும்போதும் டீக்கு நிற்கும்போதும் விரல்கள் பழகிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய மேதை மாதிரிச் சொல்வேன். இப்போது அதை வேறு யாராவது சொல்லக் கேட்டால்கூட அங்கிருந்து எழுந்து போய்விடுகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் பேப்பர் வெட்டுகிற மெஷினில் வேலை. பள்ளி ஆண்டு விழா, கோயில் பொங்கல் என்று மேஜிக் ஷோவும் நடத்துவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அச்சகத்துக் குடோனில் மூன்று பேருக்குக் கற்றுக்கொடுத்தேன். இரண்டு பேர் பாலிடெக்னிக் மாணவர்கள். மூன்றாவது ஆள் பத்தொன்பது வயதுப் பெண். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேப்பர் குழாய்க்குள் மருந்து அடைக்கிற வேலை அவளுக்கு. எங்கள் ஊரில் மருந்து என்றால் வெடிமருந்துதான். காய்ச்சலுக்குக் குடிப்பது அப்புறம். படிக்கிற இருவரையும்விட அவள் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வகுப்பு தொடங்கியதும் "கையைக் காட்டு" என்பேன். இரண்டு கையையும் விரித்து, முன்னும் பின்னும் திருப்பிக் காட்ட வேண்டும். எதை எங்கே ஒளித்திருக்கிறார்கள் என்று நான் தேடுவேன். அதுதான் பரீட்சை.

ஒரு பங்குனி ஞாயிறு. மற்ற இருவரும் கிளம்பிய பிறகு, அவள் மேஜை மேலிருந்த என் கைக்குட்டையை எடுத்து முஷ்டிக்குள் திணித்தாள். விரித்தாள். காணோம். முந்தின வாரம்தான் அந்த வித்தையைச் சொல்லி, பழகுவதற்கு ஒரு நைலான் கைக்குட்டையும் கொடுத்திருந்தேன். நானே ஏமாந்துபோனேன்.

"ஒரே வாரத்துல எப்படித் தாயி?" என்றேன்.

"நீங்கதான மாஸ்டர் கை சும்மா இருக்கக் கூடாதுன்னீக. மத்தியானம் எல்லாரும் வேப்பமரத்தடிக்குச் சாப்பிடப் போயிருவாக. நான் ஷெட்டுக்குள்ளயே பழகுனேன். வேகமா உருவுனா கையில முடியெல்லாம் குத்திட்டு நிக்குது மாஸ்டர், சிரிப்பா வருது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெயில் காலத்தில் எங்கள் அச்சகத்தில் வழவழப் பேப்பர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் விரலில் சடசடவென்று பொறி தட்டும். நைலானை உரசினாலும் அதே கதைதான். எங்களுக்கு அது வெறும் தொந்தரவு. மருந்து அடைக்கிற இடத்தில் அந்த ஒரு பொறி போதும். அதனால்தான் அவர்களைப் பருத்தித் துணி உடுத்தி வரச் சொல்வார்கள். வாசலில் தீப்பெட்டி இருக்கிறதா, செல்போன் இருக்கிறதா என்று தேடுவார்கள். கைக்குட்டையை யார் தேடுவார்கள்?

"அது இப்ப எங்க?"

"அம்மா பாத்தா வைவாகன்னு ஷெட்டு ஓட்டுக்கு அடியில சொருகி வச்சிருக்கேன்."

அந்த ஷெட்டில் நான்கு பெண்கள். யாராவது ஒருத்தி அதைக் கண்டு சரக்கென்று உருவினால்? மேற்கொண்டு நினைக்க முடியவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் செத்துப்போனது. அன்று கம்பெனி பூட்டியிருந்தது, ஆனால் போர்மேன் வீடு எனக்குத் தெரியும். சைக்கிளில் பத்து நிமிடம். சாவியை ஆணியிலிருந்து எடுத்தேன். அவள் வாசலை மறித்து நின்றாள்.

"சொல்லிராதீக மாஸ்டர். எங்கம்மாவுக்கும் அதே ஷெட்டுலதான் வேல. ரெண்டு பேரையும் நிப்பாட்டிருவாக. ராத்திரி ஷெட்டுல மருந்து இருக்காது, காலையிலதான் கொண்டாருவாக. அதுக்கு முன்னாடி போயி ஈரத்துண்டப் போத்தி, பொறி தட்டாம மெதுவா எடுத்துருதேன்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. இல்லை, பொய். போர்மேன் முன்னால் 'நான்தான் சொல்லிக்கொடுத்தேன்' என்று நிற்கப் பயந்தேன். சைக்கிள் சாவியை ஆணியிலேயே மாட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை வெட்டிய பேப்பரெல்லாம் கோணல். ஒன்பது மணி சுமாருக்கு ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். எங்கள் பக்கத்தில் ஆம்புலன்ஸ் போனால் முதலில் எந்தத் திசை என்று பார்ப்போம், அப்புறம் வானத்தில் புகை தெரிகிறதா என்று பார்ப்போம். வண்டி ஏழாயிரம்பண்ணை போகிற பக்கம்தான் திரும்பியது. நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெயில் அடித்துவிட்டது என்று முதலாளி மோர் வாங்கித் தந்தார். அது பிரசவத்துக்குப் போன வண்டி என்று பிறகு தெரிந்தது. அதற்குள் நான் அவள் அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்து, அம்மாவும் அதே ஷெட் என்பது நினைவுக்கு வந்து, வாய்விட்டு அழுதிருந்தேன்.

சாயங்காலம் கம்பெனி வேன் வந்து நின்றது. அவள் இறங்கி நேரே அச்சகத்துக்கு வந்தாள்.

"எடுத்துட்டேன் மாஸ்டர். வழியில வேன் பஞ்சர். போறதுக்குள்ள ஷெட்டுக்கு மருந்து வந்திருச்சு. மத்த மூணு பேரும் உள்ள நுழையப் போனாக. ஓட்டுல பாம்பு போகுதுன்னு கத்துனேன். எங்கம்மா உட்பட எல்லாரும் வேப்பமரம் வரைக்கும் ஓடிட்டாக. அந்நேரம் நான் உள்ள போயி எடுத்துட்டேன். பாக்குறவக கண்ண வேற பக்கம் திருப்பணும்னு நீங்கதான சொல்லிக்குடுத்தீக?"

பாராட்டுவேன் என்று காத்து நின்றாள். மருந்து நிறைந்த ஷெட்டுக்குள் தனியாகப் போயிருக்கிறாள். முந்தின நாள் நான் போய்ப் போர்மேனிடம் நாலு வசவு வாங்கியிருந்தால், கைக்குட்டையை எடுக்கிற வரைக்கும் அந்த மருந்து உள்ளேயே வந்திருக்காது.

"கையைக் காட்டு" என்றேன்.

பரீட்சை என்று நினைத்துக்கொண்டாள். சிரித்தபடி இரண்டு கையையும் விரித்து, முன்னும் பின்னும் திருப்பினாள். "ஒண்ணுமில்ல, பாத்துக்கோங்க மாஸ்டர்."

நான் எதையும் தேடவில்லை. விரல்களை எண்ணினேன். பத்து வந்தது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன்.