நீலக் கயிறு போன வழி

அந்த நீல நைலான் கயிறு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைத் தொடும்போதெல்லாம் எதிர்வீட்டு அக்காவின் ஞாபகம் வரும்.

தேர்வாய் கண்டிகையில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். நாங்கள் குடியிருந்த லைன் வீட்டு முற்றத்தில் வட்டமாக ஐந்து இரும்புக் கம்பங்கள். சுற்றிலும் கம்பத்துக்குக் கம்பம் மற்றக் குடித்தனங்களின் கொடிக்கயிறு. நடுவே இரண்டு கயிறுகள் மட்டும். இரண்டும் கேட்டை ஒட்டிய கம்பத்தில் தொடங்கும். என் நீலக் கயிறு குழாயடிக் கம்பத்துக்குப் போகும். அக்காவின் பச்சைக் கயிறு முருங்கை மரத்தடிக் கம்பத்துக்குப் போகும். குழாயடியில்தான் பெண்கள் குடத்தோடு காத்திருப்பார்கள். அவர்கள் தலைக்கு மேல் என் ஓட்டை பனியன் ஆடுவதை நினைத்தாலே எனக்குக் கூசும். துவைத்ததை அறைக்குள்ளேயே போட்டு, காயாமலே மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவேன்.

"இன்னா தம்பி, டெய்லி ஈரத்தோட போய்க்கினு கீற?" என்று அக்கா கேட்டார். நான் குழாயடியைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

வீட்டுக்காரரோ கண்டிப்பானவர். "கயிறு மேல கயிறு போகக்கூடாது, தேஞ்சிடும். ஒண்ண அவுத்துக் கட்டினப்புறந்தான் இன்னொண்ணத் தொடணும். ரெண்டையும் சேத்து அவுத்தா கம்பம் சாஞ்சிடும்." ஒரு கயிற்றை அவிழ்த்தால் நாலு மூலை இடம் ஒன்று கிடைக்கும். அந்தக் கயிறு முன்பு தொடாத மற்ற இரண்டு மூலைகளுக்கு இடையே மாற்றிக் கட்டலாம். வேறு வழி கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கயிற்றை மாற்றிக் கட்டினேன். அது குழாயடிக்குக் குறுக்கே படுதா மாதிரி நின்றது. குடத்தோடு வந்தவர்கள் என் பனியனை விலக்கிக்கொண்டு போனார்கள்.

"யார்து இது, கொசுவலையா?" என்றது ஒரு குரல்.

அடுத்த ஞாயிறு அக்கா தன் கயிற்றை மாற்றி, என் கயிறு நகர வழிவிட்டார். அதன்பின் என்னுடையதை மாற்றினால், அது வேறொரு பக்கத்திலிருந்து மறுபடியும் குழாயடிக் கம்பத்துக்கே வந்து சேர்ந்தது. விட்டுவிடலாம் என்றேன். "இரு நைனா" என்றார் அக்கா. அடுத்து அவர் கயிறு, கடைசியாக என் கயிறு.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "இத்தினி வாரம் பேஜாரு பண்ணிட்டு, கடைசில இருந்த மாரியே கட்டிக்கீறீங்களே!"

உண்மைதான். கேட்டிலிருந்து குழாயடிக்கு ஒன்று, முருங்கைக்கு ஒன்று. ஆனால் குழாயடிக்குப் போனது பச்சை, முருங்கைக்குப் போனது நீலம். அன்றுதான் என் பனியன் வெயிலில் நிம்மதியாகக் காய்ந்தது.

அக்கா என் காதருகே சிரித்தார். "இதுக்கு என் கயித்துல உன் துணி, உன் கயித்துல என் துணின்னு மாத்திப் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். நீ வாயத் தொறந்து கேட்டாத்தான?"

இன்று எனக்குச் சொந்தமாக ஒரு மாடி இருக்கிறது. மனைவி என் பனியனைத் தெருப்பக்கம்தான் காயப்போடுகிறாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நானோ ஞாயிறுதோறும் மாடியில் நீலக் கயிற்றை ஒரு கம்பம் தள்ளிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.